எந்தத் தண்ணீர்

பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் வந்தது. க்ளெனிஸ் டிரான்டர் அதை அடுக்களை மேசையில் விரித்து வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். வீட்டுக் காப்பீட்டுக்குப் போன வருடம் நாலாயிரத்துச் சொச்சம் டாலர் கட்டியிருந்தாள். இந்த வருடம் இருபத்தோராயிரம் என்று போட்டிருந்தது. அச்சுப்பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் நெவிலும் அதையேதான் சொன்னான். போன் பண்ணிக் கேள், ஒரு சைபரைக் கூடப் போட்டிருப்பான்கள் என்றான். அதோடு அவன் வேலை முடிந்தது. கல்யாணம் ஆன முப்பத்து நாலு வருடமாக வீட்டுக் காகிதம் எல்லாம் க்ளெனிஸின் பொறுப்பு. அவன் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து, தூள் படிந்து நுரையீரல் கெட்டு, அறுபது வயதிலேயே வீட்டுக்கு வந்துவிட்டவன். இப்போது அவனுக்கு இருந்த ஒரே உத்தியோகம் ஆற்றின் உயரத்தை அளப்பது. பாலத்துத் தூணில் பதித்திருந்த அளவுகோலைத் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்து, வானிலை அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை. சம்பளம் இல்லாத வேலை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அவன் தவறவிட்டதில்லை. வாரபின் ஆறு கொஞ்சம் ஏறினாலும் ஊரில் பாதிப் பேர் அலுவலகத்துக்குப் போன் போடமாட்டார்கள், நெவிலுக்குத்தான் போடுவார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்ட க்ளெனிஸ் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பிழை ஒன்றும் இல்லை, வெள்ள அபாயம் காட்டும் புது வரைபடம் வந்திருக்கிறது, அதில் உங்கள் தெரு சிவப்பில் இருக்கிறது என்றாள். வெள்ளத்துக்கான பாதுகாப்பை மட்டும் எடுத்துவிட்டால் பிரீமியம் மூவாயிரத்து எண்ணூறுக்கு இறங்கிவிடும் என்றும் சொன்னாள்.

"வெள்ளத்த எடுத்துட்டா மழைக்கும் கிடையாதா?" என்று க்ளெனிஸ் கேட்டாள்.

"இல்லைங்க, மழைக்கு உண்டு. புயலுக்கு உண்டு. வானத்துலேர்ந்து விழுந்த தண்ணி தரையில ஓடி வீட்டுக்குள்ள பூந்தா அதுக்கும் உண்டு. ஆறு கரை தாண்டி வந்தா மட்டும் கிடையாது."

"வீட்டுக்குள்ள வந்த தண்ணி எந்தத் தண்ணின்னு எப்படித் தெரியும்?"

அதைச் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

க்ளெனிஸ் பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் வேலை பார்த்தாள். இருபத்தோராயிரம் என்பது அவள் ஒரு வருடம் நின்று நின்று சம்பாதிப்பதில் முக்கால்வாசி. அன்று சாயங்காலம் ஆட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, நெவிலிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். ஆற்றுத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வருமா?

அவன் சிரித்தான். அவர்கள் வீடு எட்டடி உயர மரக்கால்கள் மேல் நின்ற பலகை வீடு. கீழே காரும் துணி துவைக்கும் மிஷினும்தான் இருந்தன.

"எழுபத்து நாலுல வந்ததுதான் இந்த ஊரு பாத்த பெரிய வெள்ளம். அதுவே தரைப்பலகைக்கு ரெண்டடி கீழ நின்னுபோச்சு. அதுக்கு மேல வரணும்னா ஊரே இருக்காது, கிழவி. ஊரே இல்லாத எடத்துல உனக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?"

மறுநாள் அவள் மறுபடி போன் செய்து வெள்ளத்தை எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டாள். புரிந்தது என்று க்ளெனிஸ் சொன்னாள். அந்தப் பேச்சைப் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்கள். சரி என்றாள்.

நெவில் கேட்டபோது மட்டும் அவளுக்கு ஏனோ நாக்கு புரண்டுவிட்டது. பேசிக் குறைத்துவிட்டேன் என்றாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவன் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். ஆனால் சிவப்பில் இருக்கிற தெருவில் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நெவிலுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கிளப்பில் பீர் குடித்துக்கொண்டே, என் பெண்டாட்டி இன்சூரன்ஸ்காரனையே மண்டியிட வைத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு கிரலி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

கிரலிக்கு முப்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தது. அவளுக்கும் அதே மாதிரிக் கடிதம்தான் வந்திருந்தது. எப்படிப் பேசினீர்கள், என்ன சொன்னீர்கள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள்.

க்ளெனிஸ் குரலைத் தாழ்த்தி, பேசவெல்லாம் இல்லை, வெள்ளத்தை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் என்றாள். மழைத் தண்ணீருக்கு உண்டு, ஆற்றுத் தண்ணீருக்கு இல்லை என்று விளக்கினாள். கிரலி யோசித்தாள்.

"ஆறு வராதா?"

"நெவ் வராதுங்கறான். ஆத்தப் பத்தி அவனுக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்?"

கிரலி தலையாட்டினாள். அவளும் அந்த வாரமே எடுத்துவிட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெவில் பாலத்திலிருந்து திரும்பி வந்து சட்டையைப் பிழிந்துகொண்டே, இது வேற மாதிரி ஏறுது என்றான். திங்கட்கிழமை பொழுது விடியும்போது பாலத்துக்குப் போகும் சாலையே தண்ணீருக்குள் போயிருந்தது. அளவுகோலும் மூழ்கிவிட்டது. நெவில் தன் வீட்டுப் பின்படிகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் பையில் சுற்றிய சிறிய நோட்டை வெளியே எடுப்பான், நேரம் பார்ப்பான், எழுதுவான், மறுபடி சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

முதலில் வந்தது ஆறு இல்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வரும் ஓடை நிரம்பி, வேலியைச் சாய்த்துக்கொண்டு, கார் நின்ற இடத்துக்குள் பாய்ந்தது. எட்டு மணி வாக்கில் அது மூன்றாவது படியில் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறாமல் அப்படியே நின்றது. க்ளெனிஸ் அதைப் பார்த்துக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். இது மழைத் தண்ணீர், இதற்கு உண்டு என்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பத்து மணிக்குச் சற்று முன்னால் தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. ஆறு தடுப்புக்கரையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு படிகளை எண்ண நேரமில்லை. பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் தரைப்பலகைகளின் இடுக்கு வழியாகப் பழுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. கம்பளம் உயிருள்ளதுபோல் எழும்பியது. குளிர்சாதனப் பெட்டி மெதுவாகச் சாய்ந்து மிதந்தது. இரண்டு பேரும் அடுக்களை மேடையில் ஏறி, அங்கிருந்து கூரைக்கு அடியில் இருந்த பரணுக்குள் ஏறினார்கள். நெவிலுக்கு மூச்சு வாங்கியது. தகரத்தை உள்ளிருந்து உதைத்து உதைத்துப் பிரித்தான். அவன் உதைப்பதும் நிறுத்தி இருமுவதும் மறுபடி உதைப்பதுமாக அரை மணி நேரம் ஆனது.

மதியம் ஒரு பால்பண்ணைக்காரன் தன் அலுமினியப் படகில் வந்து அவர்களைக் கூரையிலிருந்து இறக்கினான். படகில் ஏற்கெனவே கிரலியும் அவள் குழந்தைகளும் இருந்தார்கள். சின்னவள் ஒரு கோழியை மடியில் வைத்திருந்தாள். மழை முகத்தில் அறைந்தது. கீழே தெருப் பெயர்ப் பலகையின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. நெவில்தான், மற்றவர்களைத் தேற்றுவது தன் கடமை என்று நினைத்தவன்போல், கிரலியின் தோளைத் தட்டினான்.

"போனாப் போகுது விடு. உசுரு இருக்கு. இன்சூரன்ஸ் இருக்கு. க்ளென் எல்லாத்தயும் பாத்து வச்சிருக்கா."

கிரலி க்ளெனிஸைப் பார்த்தாள். க்ளெனிஸ் தண்ணீரைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட ஹாலில் பதினோரு நாள் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் ஊர் முழுக்கச் சேற்று வாடை. எல்லோரும் வீட்டுக்குள் இருந்ததை எல்லாம் வாரித் தெருவோரத்தில் கொட்டினார்கள். மெத்தை, கல்யாண ஆல்பம், தையல் மிஷின் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. க்ளெனிஸ் தன் வீட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கம்பெனிக்குப் போன் செய்தாள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் என்றாள். நீரியல் நிபுணர் ஒருவர் வந்து பார்ப்பார், அதுவரைக்கும் எதையும் சொல்லமுடியாது என்றார்கள். வர ஆறு வாரம் ஆகும்.

ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம், காரில் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான பழைய காரவன் ஒன்றைக் கொடுத்தது. அதை வீட்டுக்கு முன்னால் புல்லில் நிறுத்தி அதில் இருந்தார்கள். பகலில் வீட்டுச் சுவர்ப்பலகைகளைப் பிரித்துப் பூசணம் சுரண்டினார்கள். நெவிலைச் செய்யவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அடுக்களையை ஜன்னல் பக்கமாக மாற்றிவிடலாம் என்றான். உனக்குப் பிடித்த மாதிரி மேடையைக் கொஞ்சம் தாழ்வாகப் போடச் சொல்லலாம் என்றான். ஒரு நாள் அட்டையில் படம்கூட வரைந்து காட்டினான். க்ளெனிஸ் நன்றாக இருக்கிறது என்றாள்.

நிபுணர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கிரலி வந்தாள். அவளும் குழந்தைகளும் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யோசித்து முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். ஓடைத் தண்ணீர் முதலில் வந்தது உண்மைதானே, அது தரைப்பலகைக்கு மேலே ஏறிய பிறகுதான் ஆறு வந்தது என்று சொன்னால் கம்பெனி கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றாள்.

"நாம மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா யாரு இல்லங்கப் போறா? அங்க வேற யாரு இருந்தா?"

க்ளெனிஸ் சரி என்றாள். சரி என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நெவிலிடம் சொல்லவேண்டுமே. அவன் வரைந்த படம் காரவன் சுவரில் ஒட்டியிருந்தது.

அன்று மாலை தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தோராயிரம், சிவப்பு வரைபடம், எடுத்தது, கிரலிக்குச் சொன்னது. நெவில் தேநீரைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசிக் குறைச்சேன்னு சொன்னியே."

"ஆமா."

"கிளப்புல எல்லார்ட்டயும் சொன்னேன் நான்."

"தெரியும்."

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தான். பிறகு, ரெண்டடி கீழன்னு சொன்னது நான்தானே என்றான். அவளிடம் சொன்னதுபோல் இல்லை. அவள் அதற்கு இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் அதை நினைத்து நினைத்து அவள் பட்ட வேதனை கொஞ்சமில்லை.

கிரலி சொன்ன யோசனையையும் சொன்னாள். எட்டேகாலுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொன்னால் போதும், அவ்வளவுதான் என்றாள். நெவில் எழுந்து வெளியே போனான். போகும்போது, பாப்போம் என்றான். க்ளெனிஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வந்த நிபுணர் ஒரு சின்னப் பெண். இருபத்தெட்டு வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். காலை வெயிலில் வீட்டைச் சுற்றிவந்து, சுவரில் தண்ணீர் விட்டுப்போன சேற்றுக் கோட்டின் உயரத்தை அளந்தாள். ஓடை, தெரு எல்லாவற்றையும் படம் எடுத்தாள். கிரலியின் வீட்டையும் அவள்தான் பார்க்க வந்திருந்தாள் என்பதால் முதலில் கிரலியிடம் கேட்டாள். கிரலி நேராக நின்று, எட்டேகால் மணிக்கு ஓடைத் தண்ணீர் என் வீட்டுத் தரைக்கு மேலே ஏறியது என்றாள். க்ளெனிஸும் அதையே சொன்னாள். சொல்லும்போது தன் குரல் கேண்டீனில் பிள்ளைகளிடம் மிச்சச் சில்லறையைச் சொல்கிற குரல் மாதிரி இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள்.

அப்புறம் நெவிலிடம் பெயர் கேட்டாள். அவன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நெவில் டிரான்டர்ங்கறது நீங்கதானா? உங்க அளவுகளத்தான் சார் நான் படிப்புக் காலத்துலேர்ந்து பாத்துட்டு வர்றேன். இந்த ஆத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல ஒழுங்கான கணக்குன்னா அது உங்களோடதுதான். அன்னிக்குப் பாலத்து மீட்டர் மூழ்கிப்போச்சு, எங்களுக்கு அஞ்சு மணிக்கு மேல ஒண்ணுமே இல்ல. நீங்க ஏதாச்சும் எழுதி வச்சீங்களா?"

நெவில் க்ளெனிஸைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வையில் அவன் பொய் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் கையும் முதலில் பைக்குப் போகவில்லை. வாயைத் திறந்து, அது வந்து, என்று தொடங்கினான். இருமல் வந்தது. இருமி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தான். கண்ணாடி இல்லாததால் நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தான்.

"எட்டு பத்து. ஓடைத் தண்ணி, மூணாவது படி. ஒம்போது முப்பது. அதே படி, ஏறல. ஒம்போது அம்பது. ஆறு கரை தாண்டுச்சு. பத்து இருவது, எட்டாவது படி. பதினொண்ணு அஞ்சு. தரைப்பலகை."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கிரலியைப் பார்க்கவில்லை, க்ளெனிஸையும் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் இருந்தது. நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். நெவில் நோட்டை நீட்டினான். கிரலி திரும்பி, சேற்றில் கால் புதையப் புதைய வேலியைச் சுற்றி நடந்து போனாள்.

க்ளெனிஸ் அன்று அவனோடு பேசவில்லை. மறுநாள்தான் கேட்டாள், ஏன் என்று. அவன் காரவன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"எழுதியிருக்கே, க்ளென்."

"எழுதியிருந்தா படிக்கணுமா?"

"வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. சொல்லத்தான் பாத்தேன். வரல."

ஆத்திரம் வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் சட்டைக் காலருக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபோது ஆத்திரமும் வரவில்லை.

ஜூன் மாதம் பதில் வந்தது. நாலு பக்கம். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஆற்றின் தண்ணீர் என்றும், பாலிசிதாரர் வெள்ளப் பாதுகாப்பைத் தாமாகவே விலக்கிக்கொண்டார் என்றும், அதற்கான குரல் பதிவு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். கிரலிக்கும் அதே தேதியில் அதே நாலு பக்கம். மேல்முறையீடு செய்யலாம் என்று சட்ட உதவி மையத்தில் இருந்தவர் சொன்னார். பிறகு அந்த நோட்டின் படங்களைப் பார்த்துவிட்டு, செய்வதில் பிரயோசனம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

அதே நோட்டை வைத்துத்தான் மேட்டுத் தெருவில் ஓடையை ஒட்டி இருந்த ஒன்பது வீடுகளுக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. அங்கே ஆறு எட்டவே இல்லை, வந்தது முழுக்க ஓடைத் தண்ணீர் என்பதற்கு நெவில் எழுதிய நேரங்கள்தான் சாட்சி. அங்கிருந்து ஓர் ஆள் இரண்டு டஜன் பீர் கொண்டுவந்து காரவன் வாசலில் வைத்து, நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ இல்லாவிட்டால் நாங்கள் தெருவில்தான் என்று சொல்லி அழுதான். நெவில் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலே மழையில் நனைந்து அட்டை கிழிந்தது. பிறகு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிரலி ஊரைவிட்டுப் போகிற அன்று க்ளெனிஸ் வேலிப் பக்கம் போனாள். டாம்வொர்த்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். குடியிருக்க முடியாத வீட்டுக்கு இன்னும் பத்தொன்பது வருடம் கடன் கட்டவேண்டும். குழந்தைகள் காரில் உட்கார்ந்திருந்தார்கள். க்ளெனிஸ் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தாள். அதற்கான வார்த்தைகளைக் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தாள். கிரலி அவளைப் பேசவிடவில்லை.

"வேணாங்க. நீங்க எதையும் படிச்சுப் பாக்காம கையெழுத்து போடமாட்டீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அதனாலதான் நான் படிக்கவே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். காரில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். பெரியவள் கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தாள். க்ளெனிஸும் கையசைத்தாள். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைப் பிறகு எந்த இடத்திலும் இறக்கி வைக்க முடியவில்லை.

ஜூனில் தொடங்கிய குளிர்காலம் முழுக்க நெவில் இருமினான். பூசணம் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றும் கூடவே வந்தது. வானிலை அலுவலகத்துக்காரர்கள் பாலத்தில் புது அளவுகோல் பொருத்திவிட்டு, எப்போது தொடங்குகிறீர்கள் என்று போன் செய்தார்கள். தன்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று நெவில் சொன்னான். க்ளெனிஸ் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலை சாப்பிட எழுப்பினாலும் எழவில்லை. ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர்த்தால், இருபத்தாறு வருடத்தில் அவன் காலை ஒன்பது மணிக்குப் படுத்திருந்து அவள் பார்த்ததில்லை.

வீட்டை வாங்க ஆள் வரவில்லை. சிவப்புத் தெருவில் எவனும் மனை வாங்கமாட்டான். கடைசியில் வீடுகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்து விற்கும் ஒருவன் வந்தான். சுத்தியால் தூண்களைத் தட்டிப் பார்த்தான். மரம் நல்ல மரம் என்றான். பலகை வீட்டுக்கு மட்டும் அவன் சொன்ன விலை ஒரு பழைய காரின் விலை. க்ளெனிஸ் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. அவனே, ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்கம்மா என்று சொல்லியும் படிக்கவில்லை.

நவம்பரில் வீட்டை நடுவில் அறுத்து இரண்டாக்கி, ஒரு விடிகாலையில் இரண்டு நீண்ட லாரிகளில் ஏற்றினார்கள். அதைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே க்ளெனிஸ் முந்தின ராத்திரியே காரவனை விட்டுக் கேண்டீன் தோழி ஒருத்தி வீட்டுக்குப் போய், அன்றைக்கே ஊரைவிட்டுப் புறப்பட ஏற்பாடு செய்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்திருந்தது. வீடு விற்ற பணத்தில் வாங்கிய பழைய காரில் நாலு பெட்டியும் சிலிண்டரும் நெவிலும். எட்டு மணிக்குக் கிளம்பி, ஊர் எல்லையைத் தாண்டி, வளைவில் திரும்பியபோது சாலை அடைபட்டிருந்தது. முன்னால் மஞ்சள் விளக்கு சுழலும் வண்டி. அதற்கு முன்னால் அவர்கள் வீட்டின் பாதி.

லாரிகள் அவர்களுக்கு முன்பே கிளம்பியிருந்தன. ஒற்றைச் சாலை. முந்திப் போக இடமில்லை. மனிதன் நடக்கிற வேகத்தில் அது போய்க்கொண்டிருந்தது. அறுத்த பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். காற்றில் தாள் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு படபடத்தது. உள்ளே அடுக்களை தெரிந்தது. சுவர் இல்லை. வெறும் சட்டங்கள். தண்ணீர்க் குழாய் ஒன்று வளைந்து தொங்கியது. ஜன்னல் மட்டும் முழுசாக இருந்தது, அதன் வழியாக மலையும் வானமும் போய்க்கொண்டிருந்தன. க்ளெனிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே போனாள். நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"ஓரமா நிறுத்து, க்ளென்," என்றான் நெவில்.

அவள் நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போய் லாரியின் பின்னால் வரிசை சேர்ந்தார்கள். வீடு மேட்டில் ஏறி, மரங்களுக்கு இடையில் கூரைத் தகரம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து, அதுவும் மறைந்தது. சிலிண்டர் சீறும் சத்தம் மட்டும் காருக்குள் கேட்டது.

"எங்க கொண்டுபோறானாம்?"

"மேல எங்கயோ. யாரோ ஒரு சின்ன ஜோடி வாங்கியிருக்காங்களாம்."

நெவில் மூக்கில் இருந்த குழாயைச் சரி செய்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சாலை காலியாகி வெகுநேரம் ஆன பிறகும் அவள் வண்டியைக் கிளப்பவில்லை.